முதலில் தண்ணீரா, எஞ்சினா?

அந்த எஞ்சினைக் கெடுத்தது நீங்கள்தான் சார். ஓட்டியவர் கெடுக்கவில்லை. ஆற்றில் மிதந்து வந்த எந்த வேட்டியும் கெடுக்கவில்லை. பட்டப்பகலில், நல்ல எண்ணத்தோடு, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு நீங்கள் கெடுத்தீர்கள். அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது ஊருக்குத்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊருக்குப் புரிய வேண்டும் என்றால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

திருச்சி காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எனக்கு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். திருவெறும்பூரில் அப்ரண்டிஸ் முடித்தேன், நிரந்தர வேலை வரவில்லை, கடை போட்டேன். இதில் சோகம் ஒன்றும் இல்லை. வயலுக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் மெஷின், புகை கக்கிக்கொண்டு இன்னும் ஓடுகிற பழைய பைக், எல்லாம் என்னிடம் வரும். எல்லாம் டூ ஸ்ட்ரோக். கடையின் முன்பக்கம் என் வீட்டுக்காரர் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறார். புதிதாக வருகிறவர்கள் நேராக அவரிடம் போய் மெக்கானிக் இல்லையா என்பார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டுவார். அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் எப்போது வருவார் என்று மறுபடியும் அவரையே கேட்பார்கள்.

“அவங்கதாங்க மெக்கானிக். நான் நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்கிற ஆளு” என்பார். இத்தனை வருடத்தில் அவருக்கு இது சலித்ததே இல்லை.

ஸ்ரீரங்கத்தில், காவேரிப் படித்துறை ஒன்றில், விடியற்காலையில் நீந்துகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். பேங்க்கில் வேலை பார்க்கிறவர், கோயில் கைங்கரியத்தில் இருக்கிறவர், ரிட்டயர் ஆனவர் என்று பலர். வெறுமனே நீந்திவிட்டுப் போகிறவர்கள் இல்லை. அமாவாசை, ஆடிப்பெருக்கு போன்ற கூட்ட நாட்களில் போலீஸ் அனுமதியோடு ஆற்றில் காவல் நிற்பார்கள். படியில் வழுக்கி இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பிடித்துக் கரையேற்றுவார்கள். நல்ல வேலை. அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு உறுப்பினர் இரண்டு பழைய ஜெட் ஸ்கிகளை வாங்கிக் கொடுத்தார். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் கிடந்தவை. தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் கிடையாது. அடிவயிற்றில் ஒரு வாய் இருக்கும், அதன் வழியாக ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும், அந்த உதையில் முன்னால் பாயும். உள்ளே இருப்பது இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். யாரிடம் கொடுப்பது என்று தேடி என்னிடம் வந்தார்கள். நான் அதுவரை ஜெட் ஸ்கியைத் தொட்டதில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். என் கடையில் நிற்கிற பைக் எஞ்சின் இரண்டை ஒட்டவைத்தது போல இருந்தது. செய்யலாம் என்று சொன்னேன். செய்தேன்.

குட்டி யானை வேனில் ஏற்றிக் காட்டூருக்குக் கொண்டுவந்த அன்று பால்பண்ணை சிக்னலில் எல்லாரும் வண்டியைத்தான் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “ஏங்க்கா, இது லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?” என்றார்.

“குடுக்காதுங்க. குடிக்கும்” என்றேன்.

இரண்டு வண்டியையும் உப்பு தின்றிருந்தது. ஒன்றின் சைலன்சருக்குள் பல்லி முட்டை. இன்னொன்றில் எலி ஒயரை எல்லாம் கொறித்துவிட்டு அந்தப் பிளாஸ்டிக்கிலேயே மெத்தை போட்டுக் குடித்தனம் நடத்தியிருந்தது. இரண்டையும் பிரித்துப் போட்டு ஒன்றாக்கினேன். ஒன்று ஓடும், இன்னொன்று அதற்குப் பாகம் கொடுக்கும் என்று முடிவு.

டூ ஸ்ட்ரோக்குக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்து போகிற ஆயில்தான் அதற்கு உயிர். இந்த வண்டியில் தானாக ஆயில் விடுகிற ஒரு சின்ன பம்பு உண்டு. இத்தனை வருடம் கடற்கரையில் கிடந்த பம்பை நான் நம்பமாட்டேன். கழற்றி, வழியை அடைத்துவிட்டேன். கையால்தான் கலக்க வேண்டும். அளப்பதற்கு என் மகள் குழந்தையாக இருந்தபோது பால் குடித்த பாட்டில் இருந்தது. அதில் மில்லி கணக்குக் கோடு தெளிவாக இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பாட்டிலை வண்டிக்குத் தத்துக் கொடுத்துவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். அந்தப் பாட்டிலில் அளந்த ஆயில் ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை.

காவேரியில் இந்த வண்டியை ஓட்டுவது கடலில் ஓட்டுவது போல இல்லை. கடலில் உப்புதான் எதிரி. இங்கே மாலை, வாழைநார், திதி கொடுத்துவிட்டு விட்டுப்போன வேட்டி, புடவை. எல்லாம் அடிவாய்க்குள் போகும். உள்ளே சுழல்கிற விசிறியில் ஒரு மாலைநார் சுற்றினால் போதும், வண்டி நின்றுவிடும். அதற்காக வாயில் இருந்த கம்பிச் சட்டத்துக்கு நடுவில் இன்னும் இரண்டு கம்பி வைத்து வெல்டு பண்ணினேன். வேகம் கொஞ்சம் குறைந்தது. குறையட்டும், ரேஸ் ஓட்டவா போகிறோம்? ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் டேங்கை வடித்துவிடுவேன். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலை உள்ளே தேங்க விட்டால் கார்புரேட்டரில் இருக்கிற ரப்பர் விறைத்துப்போகும். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வண்டி மூன்று வருடம் நிற்காமல் ஓடியது. பட்டனைத் தொட்டால் பிடித்துக்கொள்ளும்.

இனி முக்கியமான இடம். இதைக் கவனமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஆற்றில் ஓடி வந்த வண்டிக்குள் வண்டல் தங்கும். கரையேற்றியதும் ஹோஸ் போட்டு நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அப்படி அலசும்போது முதலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டும், பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூட வேண்டும், பிறகுதான் எஞ்சினை நிறுத்த வேண்டும். காரணம் சுலபம். அந்தத் தண்ணீர் எஞ்சினைச் சுற்றிவிட்டு சைலன்சருக்குள் போகும். ஓடுகிற எஞ்சினின் புகைதான் அதை வெளியே தள்ளும். எஞ்சின் ஓடவில்லை என்றால் தள்ள ஆள் இல்லை. சைலன்சர் நிரம்பும், தண்ணீர் புகை வந்த வழியிலேயே திரும்பி ஏறிச் சிலிண்டருக்குள் இறங்கும். பிஸ்டன் காற்றை அழுத்தும், தண்ணீரை அழுத்த முடியாது. அழுத்தப் போனால் ஏதாவது ஒன்று வளைய வேண்டும். தண்ணீர் வளையாது.

படித்துறைக்கு மேலே இருக்கிற ஷெட்டில், குழாய்க்கு நேர் எதிரே சுவரில், சிவப்புப் பெயின்ட்டில் நானே எழுதிவைத்தேன். ‘முதலில் எஞ்சின். பிறகு தண்ணீர்.’ தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

சங்கத்தின் செயலாளர் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக் காலம் முழுக்கப் பாய்லரோடு வாழ்ந்தவர். கைலாசபுரத்தில் பாய்லர் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் ஸ்ரீரங்கத்துக்குக் குடி வந்தார். கெட்டவர் இல்லை. அனுமதிக்காக ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கியது அவர்தான். மழையோ பனியோ, முதலில் ஆற்றில் இறங்குவதும் அவர்தான். இரும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கே புதிதாக இரண்டு விஷயம் கிடைக்கும். பாய்லர்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு, தண்ணீர் இல்லாமல் நெருப்பு வைக்கக் கூடாது. முதலில் தண்ணீர் மட்டத்தைப் பார், பிறகு பற்றவை. அதை அவர் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார், சந்தியாவந்தனம் சொல்வது போல.

ஓட்டுகிறவர் நீச்சல் கோச். பாலக்கரைப் பக்கம் வீடு, கிறிஸ்தவர். ஒரு பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் வருட ஒப்பந்தத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. அந்த வகுப்பில்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். எஞ்சின் சத்தத்தில் துளி மாறினாலும் எனக்குப் போன் பண்ணி, வண்டி இருமுகிறது, மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் சொல்வது போலச் சொல்வார். ஆயில் கலப்பதும் அலசுவதும் அவரையும் என்னையும் தவிர யாரும் தொடக் கூடாது என்பது ஏற்பாடு.

ஆடி மாதம் மகளுக்குப் பிரசவம். ஓசூருக்குப் போனேன். ஆடி அமாவாசை அன்று சாயங்காலம் தம்பியிடமிருந்து போன் வந்தது.

காலையில் வண்டி சுலபத்தில் பிடிக்கவில்லையாம். பிடித்த பிறகும் அடியில் ஒரு தட்டல் கேட்டதாம். செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். பேட்டரியை நானே சார்ஜ் பண்ணி வைத்திருக்கிறேன், வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, போ என்று அவர் சொல்லியிருக்கிறார். கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. தம்பி போனார். முற்பகலில் தர்ப்பணம் முடித்துக் குளிக்க இறங்கிய ஒரு பெரியவரை ஓட்டம் இழுத்தது. இவர் வண்டியைத் திருப்பி முடுக்கினார். பாதித் தூரத்தில் ‘டமார்’ என்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. இவர் குதித்தார். நீந்திப் போய்ப் பெரியவரின் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்து, கீழே இருக்கிற அடுத்த துறையில் கரையேற்றினார். வண்டி அதன் பாட்டுக்கு மிதந்து போய்ப் படிக்கட்டில் மோதிச் சாய்ந்து நின்றது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வீட்டார் இவர் கையில் ஒரு பை நிறைய வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

“பழம் நல்லா இருக்குக்கா. வண்டிதான் போச்சு” என்றார்.

உள்ளே துரு பிடிக்காமல் இருக்க, உடனே இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துளை வழியாக ஆயில் ஊற்றி மூடிவைக்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே ஊற்றினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மறுநாள் மகளை அவள் மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நான் திருச்சி வந்து சேர்வதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டுவிட்டார். ஓட்டியவர் தேவையில்லாமல் முறுக்கி எஞ்சினை உடைத்துவிட்டார், ஒரு உயிர் போயிருக்கும், இனிமேல் பொறுப்புள்ள ஆளிடம்தான் வண்டியைக் கொடுப்போம் என்று. அதற்குக் கீழே ஆளுக்கு ஒன்று. ஒருவர் வேட்டி சிக்கியது என்றார். ஒருவர் பையன் ஆயில் கலக்க மறந்துவிட்டான் என்றார். ஒரு உயிரைத் தூக்கிக்கொண்டு வந்தவரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

அந்தக் குழுவில் நான் இல்லை. நீந்துகிற ஆண்களுக்கு மட்டும்தான் அது. வண்டியைப் பிரித்துப் பூட்டுகிறவளுக்கு இடம் இல்லை. தம்பி தன் போனில் காட்டினார், நின்றபடியே படித்தேன். குழுவில் இருக்கிறவர்களின் பேரப்பிள்ளைகள், அவர்களுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் தம்பியின் வகுப்பில் பாதி. அந்தச் சனிக்கிழமை பாதி வகுப்பு வரவில்லை. பொறுப்பில்லாதவர் கையில் எந்த அம்மா பிள்ளையைத் தண்ணீருக்குள் விடுவாள்? நான் விடமாட்டேன். அடுத்த வருட ஒப்பந்தத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்கள். சர்ச்சில்கூட என்னப்பா விஷயம் என்று கேட்கிறார்களாம்.

வண்டியைக் காட்டூரில் கொண்டுவந்து இறக்கினேன். செயலாளரும் வந்தார். பழுது எங்கே என்று பார்க்க அவருக்கும் ஆசை. அதை நான் மதிக்கிறேன். தம்பி ஓரமாக நின்றார்.

முதலில் அடிவாயைப் பார்த்தேன். கம்பிச் சட்டத்தில் ஒரு துளசி மாலையின் நார் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். விசிறி கையால் தள்ளினால் சுற்றியது. வேட்டிக் கதை அங்கேயே முடிந்தது. டேங்கிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடி கிளாசில் பிடித்தேன். ஆயிலின் நீலம் அப்படியே தெரிந்தது. ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் இரண்டு பிஸ்டனும் சுற்றிலும் வரிவரியாகச் சுரண்டிப் போயிருக்கும். முன் பிஸ்டனைக் கழற்றினேன், கன்னம் போல வழவழப்பாக இருந்தது. பின் பிஸ்டன்தான் உடைந்திருந்தது. அதுவும் ஒரே பக்கத்தில் தேய்ந்து, அந்தப் பக்கத்தில் உடைந்திருந்தது. நேராக ஏறி இறங்கவேண்டியது சாய்ந்து ஏறி இறங்கியிருக்கிறது. பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடைத் துடைத்து மேசைக் கண்ணாடியின் மேல் வைத்தேன். அடியில் வெளிச்சம் வந்தது. ராடு வளைந்திருந்தது.

செயலாளர் குனிந்து பார்த்தார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

“வேகமா முறுக்கினா வளையாதுங்களே” என்றார், தனக்குத்தானே பேசுவது போல.

“வளையாது சார்” என்றேன்.

“ஆத்துல நின்னப்ப தண்ணி உள்ள போயிருக்கலாம்.”

நியாயமான சந்தேகம். அதற்காகத்தான் ராடு சுற்றிவிடுகிற அடித்தண்டான கிராங்கையும் நான் வெளியே எடுத்தேன். ராடு கிராங்கோடு சேருகிற இடத்தில் பென்சில் முனை அளவுக்குச் சின்னச் சின்ன உருளைகள் உட்கார்ந்திருக்கும். அதுதான் பேரிங். உருளைகளை எடுத்துவிட்டு அவை உட்கார்ந்த இடத்தை டார்ச் அடித்துக் காட்டினேன். வரிக்குதிரை போல் கோடு கோடாகத் துரு. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு கோடு. ஓடுகிற பேரிங்கில் அப்படிக் கோடு விழாது. எஞ்சினுக்குள் தண்ணீர் நின்று, உருளைகள் அசையாமல் பல நாள் உட்கார்ந்திருந்தால்தான் விழும். அமாவாசை அன்று சாயங்காலமே உள்ளே ஆயில் ஊற்றியாயிற்று. அதற்குப் பிறகு வந்த துரு இல்லை. அதற்கு முன்னால் வந்தது.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அமாவாசைக்கு முன்னாடி கடைசியா வண்டிய அலசினது யாரு?” என்று தம்பியைக் கேட்டேன். அவர் அமாவாசைக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடப் போட்டிக்காக மதுரையில் இருந்ததாகச் சொன்னார்.

“நான்தாம்மா அலசினேன்” என்றார் செயலாளர். “ஒத்திகைக்கு ஓட்டினோம், ஒரே சேறு. நீங்க ரெண்டு பேரும் ஊர்ல இல்ல. அப்படியே விடக்கூடாதுன்னு நானே உக்காந்து பொறுமையா பண்ணேன்.”

“எப்படிப் பண்ணீங்க சார்?”

“குழாயத் திறந்துவிட்டு, தண்ணி நல்லா உள்ள போகுதான்னு பாத்துட்டு, அப்புறம்தான் பட்டனத் தொட்டேன். தண்ணி இல்லாம எஞ்சின ஓட்டலாமா?”

“சுவத்துல எழுதியிருக்கே.”

“பாத்தேன். நீங்க அவசரத்துல மாத்தி எழுதிட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவரே மேலே சொன்னார். வண்டி பிடிக்கவில்லையாம். ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு ஸ்டார்ட்டர் நின்றுவிட்டதாம். பேட்டரி வீக் என்று நினைத்துத் தன் கார் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து மறுபடி மறுபடி அடித்திருக்கிறார். குழாய் அதுவரை திறந்தே இருந்திருக்கிறது. கடைசியில் ஒரே உதறலாக உதறிப் பிடித்துக்கொண்டதாம், வெள்ளைப் புகையாக வந்ததாம். சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் அந்த உதறலில் நின்றுவிட்டது. முன் சிலிண்டர் பற்றியிருக்கிறது, பின் சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. ராடு வளைந்த நொடி அதுதான். அவர் காதால் கேட்ட நொடி. நான் சொல்லாமலே அவருக்கு விளங்கியது. முகத்தில் தெரிந்தது.

“நிறுத்தும்போது முதல்ல எஞ்சின நிறுத்தினீங்களா, குழாயையா?” என்று கேட்டேன்.

அவர் ராடை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

இதுவரைக்கும் எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. பாய்லர் பார்த்த கை அதைத்தான் செய்யும். பழக்கம் அப்படி. நல்ல பழக்கம்தான், தப்பான வண்டியில் வந்துவிட்டது. ஒரு வார்த்தை, “தம்பி, நான் பண்ண தப்பு உன் தலையில விழுந்துடுச்சு” என்று அங்கேயே சொல்லியிருந்தால் நான் டீ வரவழைத்திருப்பேன்.

அவர் தம்பியைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். பிறகு என்னிடம், “இத இங்கயே முடிச்சுக்குவோம்மா. வயசான வண்டி, தேஞ்சு போச்சுன்னு போட்டுடறேன். அவன் பேரும் வராது, என் பேரும் வராது” என்றார்.

“அவன் பேரு ஏற்கனவே வந்துடுச்சு சார். வராதது உங்க பேருதான்.”

“ஏம்மா, நான் பாய்லர் பாத்தவன். ஊர்ல அத்தன பேருக்கும் தெரியும். ஒரு குழாய மாத்தித் திறந்தேன்னு படித்துறையில நின்னு எப்படிம்மா சொல்றது?”

“அவரு எப்படி நின்னாரு? நீங்க போட்டதப் படிச்சிட்டும் மறுநாள் அதே படித்துறையிலதான் வந்து நின்னாரு.”

அவர் கிளம்பிவிட்டார். வாசலில் என் வீட்டுக்காரர் காபி சாப்பிடுங்க சார் என்றதுகூட அவர் காதில் விழவில்லை.

மறுநாள் குழுவில் ஒரு வரி வந்தது. வண்டி பழையது, ஆராயப்படுகிறது என்று. முதலில் போட்டதை எடுக்கவில்லை, மாற்றவும் இல்லை. அது அப்படியே மேலே நிற்கிறது. படிக்கிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்து என்ன சொல்லும்? பழைய வண்டியை ஒரு பொறுப்பில்லாதவன் முறுக்கினான் என்று சொல்லும். முன்பைவிட மோசம்.

தம்பியிடம், உண்மையை நீயே குழுவில் போடு என்றேன். அவர் மாட்டேன் என்றார். “விடுங்கக்கா. பெரியவரு. அவர அசிங்கப்படுத்தி நான் என்ன பண்ணப்போறேன்?”

“நீ விட்டுடுவ. உன்கிட்ட பிள்ளைய அனுப்பின அம்மாவுங்க விடுவாங்களா?” என்றேன். “பெரியவருக்கு மரியாத குடுக்கிறது ஒன்னு. அவரு பண்ணத நீ சுமக்கிறது இன்னொன்னு. நீ வாழைப்பழத்துக்கு மயங்கிற ஆளு, உன்ன நம்பி இத விடமுடியாது.”

சிரித்தார். இரண்டு வாரத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வண்டியைச் சரிபண்ணிவிட்டேன். பாகத்துக்காக வைத்திருந்த இரண்டாவது வண்டியிலிருந்து கிராங்க், அதோடு சேர்ந்த ராடுகள். உள்ளே ஒவ்வொரு வழியையும் ஊதித் துடைத்தேன். புது பிஸ்டன், புது ரிங், கார்புரேட்டருக்குப் புது ரப்பர். ஆற்றில் இறக்கி நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு லைஃப் ஜாக்கெட்டோடு நான் போனதைப் பார்த்து, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி என்னையும் ஏற்றிக்கொண்டு போங்களேன் என்று கத்தினாள். அடியில் தட்டல் இல்லை, புகை சரியான நிறம். ஒட்டவைத்த வண்டி என்று யாராலும் சொல்ல முடியாது. ஷெட் சுவரில் இருந்த எழுத்தை அழித்துவிட்டு, இரண்டு மடங்கு பெரிதாக மறுபடி எழுதினேன். அதன் கீழே ‘இது மாற்றி எழுதியது அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

வண்டியின் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சாவி போல ஒரு சிவப்புக் கயிறு மாட்டினால்தான் எஞ்சின் பிடிக்கும். அது என் கையில்தான் இருந்தது. செயலாளர் வாயைத் திறக்கிற வரைக்கும் கொடுக்காதே என்று என் வீட்டுக்காரரே சொன்னார். அப்படிச் செய்யமாட்டேன். ஆற்றில் இறங்குகிறவர்களோடு எனக்கு என்ன சண்டை? கயிற்றை ஷெட்டில் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த அமாவாசைக்கு வண்டி தயார். செயலாளர் சார், யார் ஓட்டுவது என்று நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். அந்த இருக்கை யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

இனி உங்களுக்கு நேராகச் சொல்கிறேன் சார். நான் உங்களைத் தப்பு செய்தவர் என்று திட்டவில்லை. என் கடையில் நானும் ஆயிரம் நட்டின் மறையைத் தப்பாகத் திருகிக் கெடுத்திருக்கிறேன். கிராங்கில் இருந்த கோட்டை என்னைவிட வேகமாகப் படித்தவர் நீங்கள். படித்த பிறகு கடையை விட்டு வெளியே போய், அந்த வரியை நீங்கள்தான் போட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கோபம். சனிக்கிழமைதோறும் குளத்தங்கரையில் விசிலோடு நின்று, யார் வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்குத் தனியாக வேண்டாம், போனில் வேண்டாம், அவரை ஓரமாக அழைத்துத் தோளைத் தட்டவும் வேண்டாம்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எல்லாரும் குளித்து ஏறியதும் படித்துறையின் மேல்படியில் நின்று அறிவிப்புச் சொல்வீர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருப்பேன். அதே படியில், அதே குரலில், அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அன்று ஷெட்டில் நீங்கள் முதலில் தொட்டது எது? தண்ணீரா, எஞ்சினா?